ஓட்டிப் பார்க்கலாமா?

எங்கள் வீட்டுக்கார அம்மாவின் கையில் ஜாய்ஸ்டிக் ஏறிவிட்டால், வாடகைக்கு இருந்த ஏழு அறைக்காரர்களும் செய்ததையெல்லாம் மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் ஜெபமாலை. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் காம்பு உடைந்து, அதற்குப் பதில் கறுப்பு நூல். அந்தக் கோலத்தில் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையன்கள் சண்டை விளையாட்டு ஆடுகிற அந்த இரட்டைக் கொம்பை மடியில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் தட்டி டி.வி.யில் எதையோ தேடுவார். தேடுவதற்கு முன்னால் எதிரில் நிற்பவனை ஒன்று கேட்பார்.

"ஓட்டிப் பாக்கலாமா?"

வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

வல்லம் வடகாலில், தொழிற்பேட்டைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரிசையாக வாடகை அறைகள். அதில் மாடி வைத்த வீடு அவருடையது. கீழே ஏழு அறைகளில் நாங்கள் பதினெட்டுப் பேர், எல்லோரும் ஏதோ ஒரு தொழிற்சாலை. மேலே அவர் மட்டும். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். நான் வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். டிப்ளமோ முடித்து, கார்த் தொழிற்சாலையில் டிரெய்னியாகச் சேர்ந்து, தகரப் பெட்டியோடு அங்கே போய் இறங்கினேன்.

சாவியைக் கொடுப்பதற்கு முன் அவர் ஒரு வீடியோ கேமராவை எடுத்தார். உள்ளங்கையில் பட்டை மாட்டி, பக்கத்தில் சின்னத் திரை திறக்கிற பழைய மாடல். காலி அறையின் சுவர், ஃபேன், சுவிட்ச், குழாய் எல்லாவற்றையும் நிதானமாகப் பிடித்துவிட்டு என்னைக் குழாய் பக்கத்தில் நிறுத்தினார்.

"பேரு சொல்லு. ஊரு சொல்லு. கொழா சொட்டலன்னு சொல்லு."

நான் அப்போது எதையும் அரைகுறையாகச் செய்யாதவன். கைகளை உடம்போடு ஒட்டி, பள்ளியில் உறுதிமொழி எடுக்கிற மாதிரி நின்று, பெயரையும் ஊரையும் சொல்லி, "குழாய் சொட்டவில்லை" என்றேன். எனக்கு அறைத்தோழனாக வாய்த்த இசக்கி, திருநெல்வேலிக்காரன், ஒரு மாதம் இதைச் சொல்லியே சிரித்தான். குளிக்கப் போகும்போதெல்லாம் விறைத்து நின்று, "ஏலே, குழாய் சொட்டவில்லை!" என்பான்.

அவன் சிரிப்பு அடங்கிய நாளும் வந்தது. சட்டை மாட்ட அவன் சுவரில் ஒரு ஆணி அடித்திருந்தான். வாடகைக் கையெழுத்து வாங்க வந்த அம்மாவின் கண் நேராக அதில் போய் நின்றது.

"இன்னாது இது?"

"அது மொதல்லயே கெடந்துச்சும்மா."

"ஓட்டிப் பாக்கலாமா?"

மேலே போனோம். நாற்பது அங்குல டி.வி. முழுக்க எங்கள் சுவர். சுண்ணாம்பு உரிந்த இடத்தில் ஒரு எறும்பு ஏறுவதுகூடத் தெரிந்தது. ஆணி மட்டும் இல்லை.

இசக்கி தலையைச் சொறிந்தான். "பொறவு தானா மொளச்சிருக்கும்மா."

"அப்ப தண்ணி ஊத்து. பக்கத்துல ஒரு சுத்தியும் மொளைக்குதான்னு பாக்கலாம்."

யார் "சத்தியமா" என்று ஆரம்பித்தாலும் அவருக்குப் பிடிக்காது. "சாமி பாத்துக்கினுதான் கீறாரு. எறங்கி வந்து சாட்சி சொல்வாரா?" என்பார். இத்தனைக்கும் ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர். அந்தக் கோயில் திருவிழாவுக்கு அவர் இரவல் கொடுத்த அண்டா ஒடுங்கித் திரும்பி வந்தது. முன்பே ஒடுங்கித்தான் இருந்தது என்றார் கமிட்டித் தலைவர். அம்மா டி.வி.க்குக் கீழே இருந்த கேம் பெட்டியைக் கழற்றி, வொயரோடு ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பங்கு மண்டபத்துக்கே போய்விட்டார். அங்கிருந்த டி.வி.யில் செருகி, அண்டா வண்டியில் ஏறும் காட்சியை ஃபாதர் முன்னாலேயே ஓட்டினார். வெயில் பட்டு அண்டா பளபளத்தது. ஒடுக்கு இல்லை.

"சரிம்மா, ஆண்டவர் அவங்கள மன்னிப்பாரு" என்றாராம் ஃபாதர்.

"ஆண்டவர் மன்னிக்கட்டும் ஃபாதர். ஒடுக்க யாரு எடுக்கறது?"

போன் வீடியோவை அவர் மதிப்பதில்லை. "போன்ல புடிச்சத எவன் வேணா வெட்டி ஒட்டுவான். இதுல புடிச்சா புடிச்சதுதான்" என்பார். கேமராவின் கார்டிலிருந்து கேபிள் போட்டு எல்லாவற்றையும் கேம் பெட்டியில் ஏற்றிவைப்பார். ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஃபோல்டர். நாங்கள் நாலாம் நம்பர் அறை. என் பெயரில் தனியாக ஒன்று, இசக்கி பெயரில் ஒன்று. பெயர் என்றால் பெயர் இல்லை, எண். எனக்கு நாலு பை ஒன்று. அந்தப் பெட்டியின் எழுத்தெல்லாம் கொரிய மொழி. அவருக்கு இங்கிலீஷே எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆனால் "மூணாவது படம், ரெண்டு தபா கீழ, பெருக்கல் குறி" என்று விரலாலேயே பாடம் பண்ணி வைத்திருந்தார். திரையில் தேதியும் மணியும் மட்டும் எண்களாக வரும். அது எங்கள் எல்லோருக்கும் புரியும். அதுதான் வினையே.

வீட்டு இரும்பு கேட்டின் தாழ்ப்பாள் எழும்பினால் போதும், மாடி ஜன்னலில் கேமராவின் சிவப்புப் புள்ளி தெரியும். போகிறவன், வருகிறவன், வருகிறவனுக்குப் பின்னால் வருகிறவன், எல்லாம் பதிவு. எங்களுக்குள் இதைப் பற்றி ஆளுக்கொரு கதை இருந்தது. கம்பெனிகளுக்கு உளவு சொல்கிறார் என்றான் ஒருவன். போலீசில் கொடுக்கிறார் என்றான் இன்னொருவன். "பொழுது போகாம சீரியலுக்குப் பதிலா நம்மளப் பாக்காவ, அம்புட்டுத்தான்" என்றான் இசக்கி. எனக்கு முதல் கதைதான் பயம். நான் டிரெய்னி. வருடம் முடியும்போது நிரந்தரம் ஆக்குவார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள். அதனால் கேட்டைத் திறக்கும்போதெல்லாம் ஜன்னலை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்.

அந்த வருடமும் முடிய வந்தது. எங்கள் பேட்சில் நிரந்தரத்துக்கு எடுத்த பட்டியலில் என் பெயர் இருந்தது. ஒன்றே ஒன்று பாக்கி: போலீஸ் விசாரணை. தங்கியிருக்கிற வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் வருவார், வீட்டுக்காரரிடம் பையன் எப்படி என்று கேட்பார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் அம்மாவின் தண்ணீர் மோட்டார் திருடுபோனது.

அன்று காலை பத்து மணி வாக்கில் தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பி மேலே வரச் சொன்னார். டி.வி.யில் ஒரு முதுகு நின்றுகொண்டிருந்தது. சாம்பல் நிறச் சட்டை, நீல பேன்ட், ஹெல்மெட், தோளில் கனமான சாக்கு. எங்கள் கம்பெனி யூனிஃபாரம். கீழே எண்கள்: ஞாயிறு தேதி, காலை 5.52.

"ஷிப்டுக்குப் போற பையன் பையத் தூக்கிக்கினு போறான்னுதான் புடிச்சு வெச்சேன்" என்றார். "பின்னாடி வந்து பாத்தா மோட்டாரு இல்ல. இந்த சட்ட போடறவங்க நம்ம வூட்ல நாலு பேரு. மூணு பேரு வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போய்ட்டானுங்க. மீதி நீதான்."

"நான் டூட்டியில இருந்தேம்மா! ராத்திரி சி ஷிப்ட்டு! ஏழு மணிக்குதான் வந்தேன்."

"நீ வந்தத நான் பாக்கல. மோட்டார் எடத்துல நின்னு கத்திக்கினு இருந்தேன்."

"சத்திய..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"எழுத்துல காட்டு. நாளைக்கு சாய்ந்தரம் வரைக்கும் பாப்பேன். அப்பால ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவேன்."

என்னை விசாரிக்க வரப்போகிற போலீஸ்காரர் அதே ஸ்டேஷன்காரர். கம்பெனியில் எந்த நேரத்தில் வெளியே போனேன் என்று மனிதவள அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். எதற்கு என்று கேட்பார்கள். திருட்டுப் புகார் என்று என் வாயாலேயே சொல்லவேண்டும். ஆகவே மறுநாள் கேன்டீன் பக்கத்தில் இருக்கிற மெஷினில் என் எண்ணைத் தட்டி வருகைச் சீட்டை அச்செடுத்தேன். அதில் எது எதற்கு எதிரே இருக்கிறது என்றுகூடச் சரியாகப் பார்க்கவில்லை. சி ஷிப்ட், சி ஷிப்ட் என்று ஆறு வரி இருந்தது. அது போதும் என்று மாடிக்கு ஓடிவந்து கொடுத்தேன்.

அவர் நூலைச் சரிசெய்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"ஞாயித்துக்கெழமைக்கு நேரா இன்னா போட்டுக்கீது?"

பார்த்தேன். வார விடுமுறை.

"நீ குடுத்த சீட்டுதான் இது. ஞாயித்துக்கெழம டூட்டி இல்லன்னு உன் கம்பெனியே சொல்லுது."

என்னைக் காப்பாற்றக் கொண்டுவந்த காகிதம் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. அந்தக் கணம் எனக்கே, ஞாயிறு காலை நான் எங்கே இருந்தேன் என்று ஒரு சந்தேகம் வந்து போனது. பிறகுதான் விளங்கியது. எங்கள் கம்பெனியில் சி ஷிப்டுக்கு எப்போதும் ஆரம்பிக்கிற நாளின் தேதிதான். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு உள்ளே போய் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வெளியே வந்தால், அந்த எட்டு மணி நேரமும் ஏட்டில் சனிக்கிழமை. நாங்கள் பேசுவதும் அப்படித்தான். விடியற்காலை நாலு மணிக்கு உதிரிபாகத்தில் ஒட்டுகிற சீட்டில் முந்தின நாள் தேதியை எழுதுவோம். யாரும் தப்பென்று நினைப்பதில்லை.

இதை அவரிடம் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டார்.

"ஊரு ஒலகத்துக்கெல்லாம் ஒரு தேதி, உங்க கம்பெனிக்கு மட்டும் வேற தேதியா? விடிஞ்சா கூட விடியாதா அங்க?"

"ஆமாம்மா. ஷிப்ட்டு முடியற வரைக்கும் விடியாது."

"யாருகிட்ட கத உட்ற?"

அவருக்குப் பின்னால் டி.வி.யில் அந்த முதுகு அப்படியே நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. பத்து மாதமாக என்னைப் பிடித்து வைத்திருக்கிறாரே. எது எனக்கு எரிச்சலோ அதுவே இப்போது வேண்டியிருந்தது.

"ஓட்டிப் பாக்கலாமாம்மா?" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போல.

பழைய மாதங்களின் வருகைச் சீட்டுகளை நான் ஒன்று விடாமல் வைத்திருந்தேன். படித்தவன் காகிதத்தைத் தூக்கிப்போடக் கூடாது என்று அப்பா சொல்வார். அவற்றை எடுத்துவந்து சோபாவில் பரப்பினேன். நான் சி ஷிப்ட் வாரத்தைப் படிப்பேன், அவர் நாலு பை ஒன்றைத் திறந்து அந்த ஞாயிறைத் தேடுவார்.

முதல் ஞாயிறு. சீட்டில் வார விடுமுறை. டி.வி.யில் காலை 6.41, யூனிஃபாரமும் டிபன் பையுமாக நான் கேட்டைத் திறந்து வருகிறேன்.

"ம்" என்றார்.

இரண்டாவது. சீட்டில் விடுமுறை. டி.வி.யில் 6.44, மழை, தலையில் பிளாஸ்டிக் கவர்.

மூன்றாவதை ஓட்டிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தி, "கேமராவுல மணி தப்பில்ல. நம்மூரு டயத்துக்கு நானே மாத்தி வெச்சது" என்றார், என்னிடம் இல்லை, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. ஏழு ஞாயிறு பார்த்தோம். ஏழிலும் விடுமுறை நாளில் வேலை முடிந்து வருகிறேன்.

எட்டாவதில் அவர் என் முகத்தைப் பெரிதாக்கி நிறுத்தினார். நாற்பது அங்குலத்தில் என் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பரு, மீசைக்கு மேல் கிரீஸ், எல்லாம் துல்லியம். கண் மட்டும் மேலே, ஓரமாக, ஜன்னலைத் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தது.

"எல்லாத்துலயும் இப்பிடித்தான் பாக்கற" என்றார். "மத்தவனுங்க யாரும் பாக்க மாட்டானுங்க. நீ மட்டும் வந்த மொத வாரத்துலர்ந்து திருடன் மாதிரி பாத்துக்கினே வர்ற. அதான் எனக்கு உம் மேல ஒரு கண்ணு."

"நீங்க புடிக்கிறீங்களேன்னுதான்மா பாத்தேன்."

"நீ பாக்கறியேன்னுதான்டா புடிச்சேன்."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு அவரே பேசினார். ஒரு கொரியாக்கார ஆபீசர் வீட்டில் ஆறு வருடம் சமையல் வேலை பார்த்தாராம். ஒருநாள் ஆபீசர் கைக்கடிகாரம் காணாமல் போனது. "என்னை இப்பிடித்தான் ஒக்கார வெச்சாங்க. பைய கொட்டிக் காட்டச் சொன்னாங்க. சத்தியம் பண்ணேன், அழுதேன். அவங்களுக்கு என் பாஷ தெரியாது." அதற்கு முன்தினம் தன் மகளின் பிறந்தநாளை ஆபீசர் கேமராவில் எடுத்திருந்தார். எதேச்சையாக அதை இந்த கேம் பெட்டியில் போட்டுப் பார்க்கும்போது, குழந்தை கடிகாரத்தைப் பொம்மை வீட்டுக்குள் போடுவது மூலையில் தெரிந்ததாம். ஊரைவிட்டுப் போகும்போது ஆபீசர் கேமராவையும் பெட்டியையும் அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். "மன்னிப்பு கேக்கத் தெரியல அந்தாளுக்கு. பொட்டியக் குடுத்தாரு."

என்னிடமும் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. "இன்னும் ஒண்ணு கீது உன்னுதுல" என்று சொல்லி, ஃபோல்டரில் மேலே போனார்.

என் அம்மா ஒரே ஒரு தடவை அங்கே வந்திருந்தார். கேட்டுக்கு வெளியே நிற்கிறார். இடுப்பில் சாக்கு மூட்டை, கையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வெறுங்காலோடு கேட்டைத் தாண்டுகிறார். எங்கள் ஊரில் சில தெருக்களில் அம்மா அப்படித்தான் நடப்பார். படத்துக்கு வெளியே வீட்டுக்கார அம்மாவின் குரல்: "மூட்டையில இன்னாது?"

"வேர்க்கல்லைங்க. புள்ளைக்கு."

"ஏம்மா, செருப்ப ஏன் கையில எத்துக்கினு வர்ற? அறுந்துபோச்சா?"

"இல்லீங்க... வூடு..."

"கால்ல போடு. ஜல்லி கொட்டிக்கீது, குத்தும்."

அம்மா இரண்டு பக்கமும் பார்க்கிறார். செருப்பைக் கீழே போட்டு, ஒவ்வொரு காலாக நுழைத்து, அந்த முற்றத்தில் சத்தம் வராமல் மூன்று எட்டு வைக்கிறார். நாலாவதில் செருப்பு சளக் சளக்கென்று அடிக்கிறது. அப்படியே நடந்து வந்துவிடுகிறார்.

"இன்னொரு தபா ஓட்டுங்கம்மா" என்றேன்.

மூன்று முறை ஓட்டினார். மூட்டையில் என்ன என்று சந்தேகப்பட்டுத்தான் பிடித்தாராம்.

புதன்கிழமை போலீஸ்காரர் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"பையன் எப்படிம்மா? சந்தேகப்படற மாதிரி ஏதாவது?"

"எனக்கு எல்லார் மேலயும் சந்தேகந்தான் சார். உங்க மேல கூட. சட்டையில பேரு பட்டையக் காணோமே?"

போலீஸ்காரர் பாக்கெட்டிலிருந்து பட்டையை எடுத்துக் குத்திக்கொள்வது கதவு இடுக்கில் தெரிந்தது.

"இந்தப் பையன் மேல மட்டும் இல்ல. எழுதிக்கோங்க" என்றார் அம்மா.

மோட்டார் கிடைக்கவில்லை. எங்கள் பழைய யூனிஃபாரம் சாலையோரத்தில் குவித்து விற்கிற சரக்கு, அந்த முதுகு யாருடையதாகவும் இருக்கலாம். அதன் பிறகும் சாயங்காலங்களில் அவர் அதை நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

நிரந்தர ஆணை கைக்கு வந்ததும் மறைமலை நகர்ப் பக்கம் அறை பார்த்தேன். கிளம்புகிற அன்று அவர் காலி அறையைப் பிடித்தார். குழாய் சொட்டவில்லை என்று மறுபடி சொன்னேன். பிறகு, மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"என்னோட வீடியோவெல்லாம் அழிச்சுடுங்கம்மா."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "சரி, வா" என்று மேலே அழைத்துப்போனார். நாலு பை ஒன்றின் மேல் போய் நின்று ஒரு பொத்தானை அழுத்தினார். கொரிய எழுத்தில் ஏதோ கேட்டது. இன்னொன்றை அழுத்தினார். ஃபோல்டர் மறைந்தது. ஏமாற்றுகிறாரா என்று அவர் கட்டைவிரலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேம் பெட்டியில் இருப்பது நகல்தான். அசல் கேமராவின் கார்டில் இருக்கும். நிறைந்த கார்டுகளை அவர் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு பீரோவுக்குள் வைத்திருப்பது எனக்குத் தெரியும்.

"கார்டுல இருக்குமேம்மா?"

"அதுலயும் அழிச்சுட்டேன்" என்றார், கண்ணைச் சிமிட்டாமல்.

"ஓட்டிப் பாக்கலாமா?"

அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். "போடா, பஸ்ஸு போய்டும்."

பஸ் ஒரகடம் கூட்டு ரோட்டில் நிற்கும்போதுதான் உறைத்தது. என் அம்மா நடந்து வந்ததும் நாலு பை ஒன்றில்தான் இருந்தது.

அதன் பிறகு போனில் எத்தனையோ தடவை அம்மாவை எடுத்துப் பார்த்துவிட்டேன். போனை நீட்டினாலே விறைத்து நின்றுவிடுகிறார், குழாய் பக்கத்தில் நான் நின்ற மாதிரி. போன வருடம் வல்லம் வடகாலுக்குப் போனேன். அந்த வீட்டு இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அந்த அம்மா மகளோடு போய்விட்டார் என்றார்கள், எந்த ஊர் என்று சொல்ல ஆளில்லை.

அவர் சொன்னதை அன்றைக்கு நான் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை. கார்டில் அழித்திருக்க மாட்டார். யாரையும் நம்பாத அந்த அம்மா, என் பேச்சைக் கேட்டு ஒரு சாட்சியை அழித்திருப்பாரா? எங்கேயோ ஒரு பிஸ்கட் டப்பாவில், ஜல்லி கொட்டிய முற்றத்தில், என் அம்மா செருப்பைக் கீழே போட்டுக்கொண்டிருக்கிறார்.